மேல்நிலைத் தொட்டியுள்ள வீட்டில் தானியங்கி நீர் அடைப்பு வால்வு பொருத்துதல்: முழுமையான வழிகாட்டி

வாஷிங் மெஷினுக்குப் பின்னால் இருக்கும் கனெக்ஷன் பைப், வீட்டில் ஆள் இல்லாத ஒரு பகல் நேரத்தில் விட்டுப்போகிறது என்று வைத்துக்கொள்வோம். நிமிடத்திற்கு 10 லிட்டர் வெளியேறினாலும் மாடியிலுள்ள 1,000 லிட்டர் தொட்டி 100 நிமிடத்தில் காலியாகிவிடும். தொட்டி காலியானதோடு சேதம் நின்றுவிடும் என்று நினைப்பதற்கும் இல்லை. மட்டம் குறைந்ததும் மோட்டாரைத் தானாகவே ஓடவிடும் கன்ட்ரோலர் இன்று பல வீடுகளில் இருக்கிறது. அது கசிவு என்றும் குளியல் என்றும் வேறுபாடு பார்க்காமல், சம்பில் தண்ணீர் உள்ளவரை மேலே ஏற்றிக்கொண்டே இருக்கும். கசிவைக் கண்டதும் குழாயைத் தானே அடைக்கும் வால்வு இதற்குத்தான் தேவைப்படுகிறது.

இணையத்தில் கிடைக்கும் செய்முறைகளில் பெரும்பாலானவை, தெருக்குழாயிலிருந்து 3 அல்லது 4 பார் அழுத்தத்தில் ஒரே வழியாகத் தண்ணீர் வரும் அமெரிக்க, ஐரோப்பிய வீடுகளை மனத்தில் வைத்து எழுதப்பட்டவை. தமிழ்நாட்டுத் தனி வீட்டில் தண்ணீர் சம்பிலிருந்து மொட்டை மாடித் தொட்டிக்கு ஏறி, அங்கிருந்து தன் எடையாலேயே கீழே இறங்குகிறது. அழுத்தம் குறைவு, போர் தண்ணீரில் உப்பு அதிகம், மின்சாரம் அவ்வப்போது போய் வரும். வால்வைத் தேர்ந்தெடுப்பது முதல் சோதித்துப் பார்ப்பது வரை ஒவ்வொரு முடிவையும் இந்த மூன்றும் மாற்றிவிடுகின்றன. எனவே இவ்வழிகாட்டி அத்தகைய வீட்டுக்காக மட்டுமே எழுதப்படுகிறது. கட்டுப்பாட்டு மையமாக, வீட்டுக்குள்ளேயே இயங்கும் ஹோம் அசிஸ்டன்ட் மென்பொருளை எடுத்துக்கொண்டுள்ளேன்.

முதல் படி: குழாய் வழிகளை வரைந்துகொள்ளுதல்

எதையும் வாங்குவதற்கு முன் ஒரு தாளுடன் மொட்டை மாடிக்குச் செல்லுங்கள். தொட்டியின் அடியிலிருந்து எத்தனை குழாய்கள் புறப்படுகின்றன, ஒவ்வொன்றும் எங்கே இறங்குகிறது, எதில் கேட் வால்வு உள்ளது, எங்கே காற்றுக் குழாய் மேல்நோக்கி நிற்கிறது என்பதை வரையுங்கள். ஒரே குழாய் இறங்குகிறது என்று உறுதியாகச் சொல்லும் வீட்டுக்காரர்கள்கூட, மேலே போய்ப் பார்த்தால் சமையலறைக்குத் தனி வழி, சோலார் ஹீட்டருக்குத் தனி வழி என்று இரண்டு மூன்று இருப்பதைக் காண்பார்கள். ஒவ்வொரு வழியின் கேட் வால்வையும் மூடிவிட்டுக் கீழே எந்தெந்தக் குழாய்கள் நிற்கின்றன என்று பார்த்தால் படம் பிழையில்லாமல் அமையும்.

சோலார் ஹீட்டர் இருந்தால் கூடுதல் கவனம் வேண்டும். குளிர்நீர் வழியை மட்டும் அடைத்துவிட்டால், சோலார் தொட்டி வழியாகச் சுடுநீர்க் குழாயில் தண்ணீர் தொடர்ந்து இறங்கிக்கொண்டே இருக்கும்; கசிவு சுடுநீர்ப் பக்கத்தில் என்றால் போட்ட வால்வால் பயனே இல்லை. சோலாருக்கான கிளை பிரிவதற்கு முன்பே வால்வு அமைய வேண்டும், அல்லது அக்கிளைக்கு இரண்டாவது வால்வு ஒன்றைப் போட்டு இரண்டையும் ஒரே கட்டளையில் இயக்க வேண்டும்.

வால்வு அமைய வேண்டிய இடம், தொட்டியின் கேட் வால்வுக்கு அடுத்து, காற்றுக் குழாய்க்கு முன். இந்த வரிசையை மாற்றாதீர்கள். காற்றுக் குழாய்க்குப் பின்னால் வால்வைப் பொருத்தினால், அது மூடியதும் கீழிறங்கும் குழாயில் காற்றுப் புக வழியில்லாமல் உறிஞ்சல் ஏற்படும். அந்நேரம் பக்கெட் தண்ணீருக்குள் அமிழ்ந்து கிடக்கும் ஹோஸ் ஒன்று திறந்திருந்தால் அழுக்கு நீர் குழாய்க்குள் ஏறக்கூடும். வால்வுக்குக் கீழே காற்றுக் குழாய் இருந்தால் அந்த அபாயம் பெருமளவு குறையும். அதற்கு ஈடாக, வால்வு மூடிய பிறகும் குழாயில் ஏற்கெனவே நிற்கும் தண்ணீர் கசிவு வழியே வடியும். ஓர் அங்குலக் குழாயில் மீட்டருக்கு ஏறத்தாழ அரை லிட்டர் நிற்கும் என்பதால், 10 மீட்டர் குழாயில் ஐந்து லிட்டர்தான் சேதம். அது துடைத்து முடிக்கக்கூடிய அளவு.

இரண்டாம் படி: வால்வைத் தேர்ந்தெடுத்தல்

கடையில் கேட்டால் முதலில் நீட்டப்படுவது, மின்காந்தத்தால் திறந்து மூடும் சோலினாய்டு வால்வாகத்தான் இருக்கும்; விலையும் குறைவு. தொட்டியடிக்கு அதை வாங்க வேண்டாம். பரவலாக விற்கும் சோலினாய்டு வால்வுகள், திறப்பதற்குத் தண்ணீரின் அழுத்தத்தையே துணைக்கு எடுத்துக்கொள்பவை. அவற்றுக்குக் குறைந்தது 0.3 முதல் 0.5 பார் தேவைப்படுவது வழக்கம். நீர்மட்டத்தில் 10 மீட்டர் உயரத்திற்கு ஏறத்தாழ 1 பார் என்பது கணக்கு. தொட்டியின் அடியிலேயே வால்வைப் பொருத்தும்போது அதற்கு மேலே இருப்பது ஒரு மீட்டர் தண்ணீர், அதாவது 0.1 பார், தொட்டி பாதி காலியானால் அதுவும் பாதி. இந்த அழுத்தத்தில் அவ்வகை வால்வு முழுதாகத் திறக்காது. அழுத்தமே தேவைப்படாத நேரடி சோலினாய்டு வகையும் உண்டு. ஆனால் அதன் துளை பெரும்பாலும் சிறியது. திறந்த நிலையிலோ மூடிய நிலையிலோ வைத்திருக்க மின்சாரம் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும் என்பதால் அதன் கம்பிச் சுருளும் சூடேறும்.

நமக்குப் பொருந்துவது மோட்டார் பொருத்திய பால் வால்வு. சிறிய மோட்டார் ஒன்று பற்சக்கரங்கள் மூலம் உள்ளிருக்கும் உருண்டையைக் கால் சுற்றுத் திருப்புகிறது. முழுதாகத் திறந்ததும் அல்லது மூடியதும் உள்ளேயுள்ள லிமிட் சுவிட்ச் மோட்டாரை நிறுத்திவிடுகிறது. திருப்பி முடித்த பின் அதற்கு மின்சாரமே தேவையில்லை. மூடுவதற்குப் பெரும்பாலும் 5 முதல் 15 விநாடி எடுத்துக்கொள்வதால் குழாய் அதிர்வதும் இல்லை.

வாங்கும்போது வால்வைக் கையிலெடுத்துத் துளை வழியாகப் பாருங்கள். வெளியே ஓர் அங்குல மரை இருக்கும், உள்ளே உருண்டையின் துளையோ அரை அங்குலமாக இருக்கும். விலை குறைந்தவற்றில் இது சாதாரணம். அழுத்தமுள்ள குழாயில் இக்குறை தெரியாது. நம் வீட்டில் மாடிக் குளியலறை ஷவர் அடுத்த நாளே காட்டிக் கொடுத்துவிடும். உள்துளையும் குழாயளவே இருக்கும் வகையை ஃபுல் போர் என்று கேட்டு, உடல் பித்தளையிலோ ஸ்டெயின்லெஸ் ஸ்டீலிலோ இருக்குமாறு வாங்குங்கள். மரை, நம் ஊர்க் குழாய்ச் சாமான்களில் வரும் பிஎஸ்பி அளவில் இருக்க வேண்டும். அமெரிக்கச் சந்தைக்கான வால்வுகள் என்பிடி மரையோடு வருகின்றன; அரை, முக்கால் அங்குலத்தில் இரண்டும் ஒன்றோடொன்று ஏறுவதுபோலத் தோன்றினாலும் மரையின் கோணம் வேறு என்பதால் கசியும்.

மின் இணைப்பில் பல வகைகள் உண்டு. இரண்டு கம்பி வகை ஒன்றில், மின்சாரம் நின்றதும் உள்ளிருக்கும் கெபாசிட்டரின் சேமிப்பைக் கொண்டு வால்வு தானாகத் தொடக்க நிலைக்குத் திரும்பும். மின்வெட்டின்போது தானே மூடிக்கொள்ளும் வால்வு பாதுகாப்பானது என்று விற்பவர் சொல்வார். கோயில் திருவிழா அன்று மின்சாரம் நாலு முறை போகும் ஊரில், ஒவ்வொரு முறையும் குழாயில் தண்ணீர் நின்றால் வீட்டிலுள்ளோர் ஒரே வாரத்தில் இந்த ஏற்பாட்டையே கழற்றிவிடச் சொல்வார்கள். என் பரிந்துரை, மின்சாரம் போனால் இருந்த நிலையிலேயே நிற்கும் ஐந்து கம்பி வகை: மூன்று கம்பிகள் இயக்குவதற்கு, மீதி இரண்டு வால்வு உண்மையில் திறந்ததா மூடியதா என்று திருப்பிச் சொல்வதற்கு. இந்தப் பதில் சமிக்ஞை இல்லாமல் போனால், கட்டளை கொடுத்தோம் என்பது மட்டுமே உங்கள் மென்பொருளுக்குத் தெரியும். உப்புப் படிந்து பாதியில் சிக்கியது தெரியாது. மோட்டார் 12 வோல்ட் டிசியாக இருக்கட்டும். ஈரமான மொட்டை மாடிக்கு 230 வோல்ட்டைக் கொண்டுபோக வேண்டிய தேவை எதுவும் இல்லை. உறை, தூசியும் நீரும் புகாத ஐபி67 தரத்திலும், கையால் திருப்பும் குமிழோடும் இருந்தால் மிக நல்லது.

மூன்றாம் படி: குழாய் வேலை

வால்வைக் குழாயில் மாட்டுவதற்கு முன்பு மேசையில் வைத்து 12 வோல்ட் அடாப்டரோடு இணைத்துச் சில முறை திறந்து மூடிப் பாருங்கள். கம்பிகளின் நிறங்கள் நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும்; வால்வின் உடலில் ஒட்டியுள்ள படத்தையே நம்புங்கள்.

வேலைக்கு ஏற்ற நாள், தொட்டி கழுவும் நாள். கேட் வால்வை மூடிவிட்டு வேலை பார்க்கலாம் என்று தொடங்குவோர், அந்த வால்வு பல ஆண்டு உப்பில் இறுகிப்போய் முழுதாக மூடாது என்பதைக் குழாயை அறுத்த பிறகே அறிகிறார்கள். சொட்டும் குழாயில் சால்வென்ட் எனும் குழாய்ப் பசை ஒட்டாது. தொட்டி காலியாக இருந்தால் கையோடு அந்தப் பழைய கேட் வால்வையும் மாற்றிவிடலாம்.

குழாய் எந்த வகை என்பதை அதன் மேல் அச்சிட்டிருப்பதைப் படித்து உறுதி செய்யுங்கள். வெளிர் மஞ்சள் நிறத்தில் இருப்பது பெரும்பாலும் சிபிவிசி, வெள்ளையில் இருப்பது யுபிவிசி. இரண்டுக்கும் ஒரே அங்குலக் கணக்கைச் சொன்னாலும் வெளிவிட்டம் வேறு: ஓர் அங்குல சிபிவிசி குழாய் 28.6 மில்லிமீட்டர், ஓர் அங்குல யுபிவிசி 33.4 மில்லிமீட்டர். ஒன்றின் இணைப்பான் மற்றதற்குப் பொருந்தாது. ஒன்றின் சால்வென்ட்டை மற்றதற்குப் பயன்படுத்துவதும் தவறு.

தேவையானவை: பித்தளை மரையுள்ள இரண்டு எம்டிஏ (குழாயை வால்வின் மரையோடு சேர்க்கும் இணைப்பான்), இரண்டு யூனியன் (குழாயை அறுக்காமல் கழற்றி மாட்ட உதவும் இணைப்பான்), மாற்று வழிக்காக மூன்று வாயுள்ள இரண்டு டீ, வளைவான இரண்டு எல்போ, கையால் திருப்பும் ஒரு பால் வால்வு, டெஃப்லான் டேப், உரிய சால்வென்ட். எம்டிஏவின் மரை பிளாஸ்டிக்கில் இருந்தால் மொட்டை மாடி வெயிலில் சில கோடைகளுக்குள் விரிசல் காணும். பித்தளையையே கேட்டு வாங்குங்கள். மாற்று வழி என்பது மோட்டார் வால்வுக்கு இணையாக ஓடும் ஒரு கிளை. மோட்டார் வால்வைக் கழற்ற நேர்ந்தாலும் கையால் அதைத் திறந்து வீட்டுக்குத் தண்ணீர் விடலாம். கையால் திருப்பும் குமிழ் உள்ள வால்வுக்கு இது எதற்கு என்று பிளம்பர் கேட்கக்கூடும். பற்சக்கரம் உடைந்தால் குமிழும் உதவாது என்பதால் போட்டுவிடச் சொல்லுங்கள். ஆனால் யாராவது அதைத் திறந்துவிட்டு மறந்தால் மொத்த ஏற்பாடும் வீண். அதனால் பணி முடிந்ததும் மாற்று வழி வால்வின் கைப்பிடியைக் கழற்றி, பக்கத்திலேயே ஒரு கம்பியில் கட்டித் தொங்கவிடுங்கள்.

மரைகளில் டெஃப்லான் டேப்பை, முனையைப் பார்த்தபடி வலஞ்சுழியாக, இழுத்துப் பிடித்துச் சுற்ற வேண்டும். எதிர்த் திசையில் சுற்றினால் முறுக்கும்போது டேப் உரிந்து வெளியே வந்துவிடும். இரண்டு பக்கமும் எம்டிஏவை வால்வில் முறுக்கும்போது ஸ்பேனரை வால்வின் அறுகோணப் பகுதியில் மட்டுமே பிடியுங்கள். மோட்டார் பெட்டியைப் பிடித்துத் திருகினால் உள்ளிருக்கும் தண்டு கோணும்.

பிறகு வால்வு, எம்டிஏக்கள், யூனியன்கள் எல்லாவற்றையும் ஒட்டாமல் சேர்த்துத் தரையில் வைத்து, குழாயில் அறுக்க வேண்டிய நீளத்தை அளக்க வேண்டும். இணைப்பானுக்குள் குழாய் நுழையும் ஆழத்தை இரண்டு பக்கமும் கணக்கில் சேர்க்கவில்லை என்றால் குழாய் குட்டையாகிவிடும். ஹேக்சா பிளேடால் நேராக அறுத்து, உள்ளும் புறமும் உள்ள பிசிறுகளைக் கத்தியால் சுரண்டி, உலர்ந்த துணியால் துடைத்து, பென்சிலால் நுழைவு ஆழத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். குழாயின் வெளிப்புறத்தில் சற்று தாராளமாகவும் இணைப்பானின் உட்புறத்தில் மெல்லியதாகவும் சால்வென்ட் தடவி, பென்சில் கோடு வரை கால் சுற்றுத் திருகியவாறே செலுத்தி, அரை நிமிடம் அழுத்திப் பிடித்திருங்கள். விட்டால் குழாய் மெல்லப் பின்னோக்கி வரும். விளிம்பைச் சுற்றி மெல்லிய வளையமாகச் சால்வென்ட் பிதுங்கி நின்றால் ஒட்டல் சரி. எவ்வளவு நேரம் காய வேண்டும் என்பது டப்பாவிலேயே எழுதியிருக்கும். இயன்றால் ஓர் இரவு விட்டுவிட்டு மறுநாள் தொட்டியை நிரப்புங்கள்.

மோட்டார் பெட்டி குழாய்க்கு மேலேயோ பக்கவாட்டிலோ இருக்கட்டும், அடியில் தொங்க வேண்டாம். குழாயில் வழியும் நீர் கம்பியைப் பிடித்துக்கொண்டே பெட்டிக்குள் போகும். கம்பி கீழ்நோக்கி ஒரு வளைவு வளைந்து பிறகு மேலேறி உள்ளே நுழையுமாறு அமைத்தால் துளிகள் அந்த வளைவிலேயே சொட்டிவிடும். ஐபி67 என்ற குறியீடு தூசிக்கும் தண்ணீருக்கும்தான், வெயிலுக்கு அல்ல. மேலே ஒரு சிறு தகரக் கூரையோ கவிழ்த்த பிளாஸ்டிக் பெட்டியோ அவசியம்.

நான்காம் படி: கட்டுப்பாட்டுப் பலகையும் மின்சாரமும்

குறைந்த மின்சாரத்தில் கம்பியின்றிப் பேசும் ஜிக்பீ முறையில் இயங்கும் வால்வுக் கன்ட்ரோலர்கள் தயாராக விற்கின்றன. அவற்றை வாங்குவதென்றால் இரண்டைக் கவனியுங்கள். ஹோம் அசிஸ்டன்ட்டோடு இணையத்தின் உதவியின்றிப் பேச வேண்டும். மின்சாரம் போய் வந்தபின் முன்பிருந்த நிலையிலேயே நிற்க வேண்டும். நிறுவனத்தின் செயலி வழியாக மட்டுமே இயங்கும் வைஃபை வால்வுகளை நான் பரிந்துரைக்க மாட்டேன். இணைய இணைப்பு அறுந்த நேரத்தில் உங்கள் வீட்டுச் சென்சாரின் செய்தி வெளிநாட்டு சர்வர் ஒன்றைத் தொட்டுவிட்டு வர முடியாமல் நிற்கும்போது, தண்ணீர் காத்திருக்காது.

கையால் செய்துகொள்வதென்றால் ஈஎஸ்பி32 எனும் வைஃபை உள்ள சிறு கட்டுப்பாட்டுப் பலகை, இரண்டு ரிலேக்கள் (மின் கட்டளையால் இயங்கும் சுவிட்சுகள்) கொண்ட பலகை, 12 வோல்ட்டை 5 வோல்ட்டாகக் குறைக்கும் பக் கன்வர்ட்டர் போதும். மென்பொருளுக்கு, அந்தப் பலகையை ஹோம் அசிஸ்டன்ட்டோடு இணைக்கும் ஈஎஸ்பிஹோம். ஒரு ரிலே திறக்கும் கம்பிக்கு, இன்னொன்று மூடும் கம்பிக்கு. இரண்டும் ஒரே நேரத்தில் இயங்காதபடி ஒன்றுக்கொன்று பூட்டு அமையுங்கள். ஈஎஸ்பிஹோமில் அதற்கு வசதி உண்டு. வால்வு திரும்ப எடுக்கும் நேரத்தைவிடச் சில விநாடிகள் கூடுதலாக ரிலே ஓடிவிட்டு நின்றுவிட வேண்டும். பலகை புதிதாக உயிர்பெறும்போது இரண்டு ரிலேக்களும் அணைந்த நிலையிலேயே தொடங்குமாறு அமைப்பது மிக முக்கியம். மின்சாரம் வந்ததும் மூடியிருந்த வால்வு தானே திறந்துகொண்டால் அதைவிடக் கேடு வேறில்லை.

ஈஎஸ்பி32இன் எல்லாக் கால்களும் (கம்பி இணைக்கும் முனைகள்) இதற்கு ஏற்றவை அல்ல. 0, 2, 12, 15 ஆகிய கால்கள் பலகை தொடங்கும் முறையைத் தீர்மானிப்பவை என்பதால் அவற்றில் ரிலேயை இணைக்காதீர்கள். 34 முதல் 39 வரையுள்ளவை உள்ளீட்டுக்கு மட்டுமே உரியவை, உள்ளீட்டை ஒரு நிலையில் நிறுத்தும் உள்ளமைந்த புல்-அப் மின்தடையும் அவற்றுக்கு இல்லை. வால்வின் பதில் கம்பிகளை அவற்றில் இணைத்தால் வெளியே மின்தடை சேர்க்காதவரை நிலை தாறுமாறாகத் தெரியும்.

பலகையை மொட்டை மாடியில் வைக்காமல், மாடிப்படி உச்சியில் கூரைக்கு அடியில் வைத்து, அங்கிருந்து வால்வுக்குக் கேபிள் மட்டும் இழுப்பது நல்லது. கான்கிரீட் தளத்தைத் தாண்டி வைஃபை எட்டுமா என்ற கவலையும் குறையும். கேபிள் மிக மெல்லியதாக இருக்கக் கூடாது. 20 மீட்டர் தூரத்திற்கு 0.5 சதுர மில்லிமீட்டர் செப்புக் கம்பியைப் பயன்படுத்தினால், போய்வரும் 40 மீட்டரில் தடை ஏறத்தாழ 1.4 ஓம், மோட்டார் அரை ஆம்பியர் இழுத்தால் இழப்பு 0.7 வோல்ட். டெலிபோன் கம்பிபோல 0.2 சதுர மில்லிமீட்டரில் இழுத்தால் 1.7 வோல்ட் போய்விடும், உப்புப் படிந்த வால்வைத் திருப்ப மோட்டார் திணறும்.

மின்வெட்டுக்கு, ரவுட்டர்களுக்காக விற்கப்படும் 12 வோல்ட் மினி யுபிஎஸ் பெட்டியே போதுமானது. அதன் வெளியீடு உங்கள் வால்வு இழுக்கும் மின்னோட்டத்தைத் தாங்குமா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். இன்வெர்ட்டர் உள்ள வீட்டில் அடாப்டரை இன்வெர்ட்டர் லைனிலுள்ள பிளக்கில் செருகுங்கள். ஹோம் அசிஸ்டன்ட் ஓடும் கருவி, ரவுட்டர், வால்வுப் பலகை மூன்றும் ஒரே பாதுகாப்பில் இருக்க வேண்டும்.

ஐந்தாம் படி: கசிவுச் சென்சார்கள்

பாட்டரியில் இயங்கும் ஜிக்பீ கசிவுச் சென்சார்கள் உள்ளங்கைக்குள் அடங்குபவை. அடியிலுள்ள உலோகப் புள்ளிகளைத் தண்ணீர் இணைத்ததும் செய்தி அனுப்புகின்றன. சமையலறை சிங்க்குக்கு அடியிலுள்ள அலமாரி, வாஷிங் மெஷினின் பின்புறம், தண்ணீர் சுத்திகரிப்பானின் கீழ், கீசருக்கு நேர்கீழே உள்ள பரண், இவை முதலில் கவனிக்க வேண்டியவை. குளியலறைத் தரையில் வைப்பதில் பொருளில்லை.

நம் வீடுகளில் தரையை ஈரத்துணியால் துடைப்பதும் சில இடங்களில் நீர் விட்டுக் கழுவுவதும் அன்றாட வேலை. துடைக்கும் பாதையில் சென்சார் இருந்தால் தினமும் பொய் எச்சரிக்கை வரும். வீட்டு வேலைக்கு வருபவர் அதை எடுத்து அலமாரி மேல் வைத்துவிடுவார், அதோடு அந்தச் சென்சாரின் பணி முடிந்தது. மெஷினுக்கு அடியில் ஒரு தட்டையான பிளாஸ்டிக் தட்டை வைத்து அதற்குள் சென்சாரை வைத்தால், துடைக்கும் ஈரம் எட்டாது, கசியும் நீர் மட்டும் தேங்கும்.

ஆர்ஓ சுத்திகரிப்பானுக்கு வைக்கும் சென்சாரை அந்த இயந்திரத்தின் தண்ணீரிலேயே சோதியுங்கள். உப்பு பெருமளவு நீங்கிய நீர் மின்சாரத்தைக் குறைவாகக் கடத்துவதால், குழாய் நீருக்கு உடனே அலறும் சென்சார் சுத்திகரித்த நீருக்குத் தயங்கக்கூடும். ஒரு கரண்டி நீரைத் தட்டில் ஊற்றிச் சென்சாரை அதன் மேல் வைத்தால் தெரிந்துவிடும்.

ஜிக்பீயில் கவனிக்காமல் விடப்படும் ஒரு நுணுக்கம் உண்டு. தொலைவிலுள்ள சென்சாரின் செய்தியை வழியில் வாங்கிக் கடத்துபவை, மின்சாரத்தில் செருகிய ஸ்மார்ட் பிளக் போன்ற கருவிகள்தான். மின்வெட்டில் அந்த பிளக் அணைந்தால், சென்சாரில் பாட்டரி இருந்தும் அதன் குரல் மையத்தை எட்டாது. கடத்தும் பிளக்குகளையும் இன்வெர்ட்டர் லைனில் செருகுங்கள்.

மிக ஆபத்தான ஓர் இடத்திற்காவது, பெரும்பாலும் அது வாஷிங் மெஷின் தட்டாக இருக்கும், கம்பி வழியாக நேரே ஈஎஸ்பி32க்கு வரும் ஒரு சிறு மிதவைச் சுவிட்சையும் சேர்த்துவிடுங்கள். ஹோம் அசிஸ்டன்ட் புதுப்பித்தலில் நின்றிருந்தாலும், ரவுட்டர் செயலிழந்திருந்தாலும், பலகை யாரையும் கேட்காமல் வால்வை மூடிவிடும்.

நீரோட்ட மீட்டர் வைத்துக் கசிவைக் கண்டுபிடிக்கலாமே என்ற கேள்வி இயல்பானது. கடைகளில் எளிதில் கிடைக்கும் ஒய்எஃப்-எஸ்201 என்ற அரை அங்குல மீட்டர் நிமிடத்திற்கு 1 முதல் 30 லிட்டர் வரை அளக்கும், லிட்டருக்கு ஏறத்தாழ 450 துடிப்புகள் தரும். அதன் குறுகிய வழி நம் குறைந்த அழுத்தத்தை மேலும் குறைப்பதோடு, சொட்டுச் சொட்டான கசிவு அதன் சக்கரத்தைச் சுழற்றுவதும் இல்லை. தொட்டியின் நீர்மட்டத்தை அளக்கும் சென்சார் ஏற்கெனவே இருந்தால் அதுவே மேல்: அனைவரும் உறங்கும் 2 மணிக்கும் 4 மணிக்கும் இடையே மட்டம் குறைகிறது என்றால் எங்கோ ஒழுகுகிறது.

ஆறாம் படி: தானியக்க விதிகள்

ஹோம் அசிஸ்டன்ட்டில் எழுத வேண்டிய முதன்மை விதி இது: ஏதேனும் ஒரு கசிவுச் சென்சார் ஐந்து விநாடி தொடர்ந்து ஈரம் என்று சொன்னால், வால்வை மூடு, தொட்டியை நிரப்பும் மோட்டாரின் தானியங்கி இயக்கத்தை நிறுத்து, கீசரை அணை, வீட்டிலுள்ள சைரனை ஒலிக்கவிடு, எந்த இடத்துச் சென்சார் என்ற பெயரோடு கைப்பேசிக்குச் செய்தி அனுப்பு. தரை கழுவும் இடத்துச் சென்சாருக்கு ஐந்து விநாடியை முப்பதாக்கலாம். அதற்கு மேல் போக வேண்டாம்.

மூடும் கட்டளை கொடுத்த 20 விநாடிக்குள் வால்விலிருந்து மூடியதற்கான பதில் வரவில்லை என்றால், ஒருமுறை திறந்து மீண்டும் மூட முயன்று, அப்போதும் வராவிட்டால் வேறு ஒலியோடு எச்சரிக்க வேண்டும். சென்சார் ஒன்று நெடுநேரம் தொடர்பில்லாமல் போனால் வால்வை மூடத் தேவையில்லை, செய்தி போதும். பாட்டரி தீர்ந்ததற்கெல்லாம் தண்ணீரை நிறுத்தினால் வீட்டில் எதிர்ப்புக் கிளம்பும்.

வால்வைத் தானாகத் திறக்கும் விதி எதையும் எழுதாதீர்கள். சென்சார் காய்ந்துவிட்டது என்பது கசிவு சரியாகிவிட்டது என்பதற்குச் சான்றாகாது. வால்வு மூடியதால்தான் அது காய்ந்திருக்கும். திறப்பது எப்போதும் ஒரு மனிதரின் கையால் நடக்கட்டும். அதற்காகச் சமையலறைச் சுவரில் திறக்க ஒன்றும் மூட ஒன்றுமாக இரண்டு பொத்தான்களை வையுங்கள், பக்கத்தில் பெயரையும் எழுதி ஒட்டுங்கள். வீட்டிலிருக்கும் பெரியவர்கள் கைப்பேசிச் செயலியைத் தேடிக்கொண்டிருக்கக் கூடாது.

எல்லோருடைய கைப்பேசிகளும் வீட்டை விட்டு வெளியேறியதும் வால்வை மூடும் விதி பார்க்க அழகாக இருக்கும். கைப்பேசியை எடுத்துச் செல்லாத பாட்டி குளித்துக்கொண்டிருப்பது அதற்குத் தெரியாது. வாசற்கதவருகே ‘வெளியூர்’ என்று ஒரு பொத்தானை வைத்து, பூட்டிக்கொண்டு கிளம்பும்போது அழுத்துவதே போதும்.

மோட்டாரும் பிரஷர் பம்பும்

தொட்டியை நிரப்பும் மோட்டாரை நிறுத்துவது வால்வை மூடுவதற்கு நிகரான முக்கியத்துவம் உடையது. வால்வு சிக்கிக்கொண்டாலும் சேதம் ஒரு தொட்டித் தண்ணீரோடு நிற்கும். ஆனால் 1 ஹெச்பி மோட்டாரின் தொடக்க மின்னோட்டம் ஓடும் மின்னோட்டத்தைப் போலப் பல மடங்கு என்பதால், வால்வுக்குப் போட்ட சிறு ரிலே பலகையில் அதை நேரடியாக இணைத்தால் ரிலேயின் முனைகள் ஒட்டிக்கொள்ளும், பிறகு மோட்டாரை நிறுத்தவே முடியாது. பெரிய மின்னோட்டத்தைத் தாங்கும் சுவிட்சான உரிய காண்டாக்டர் ஒன்றை எலக்ட்ரீஷியனைக் கொண்டு போட்டு, ரிலே அந்தக் காண்டாக்டரின் கம்பிச் சுருளை மட்டும் இயக்குமாறு செய்யுங்கள். அந்த வழியில், மின்கசிவு ஏற்பட்டால் மின்சாரத்தைத் துண்டிக்கும் ஆர்சிசிபி உள்ளதா என்பதையும் அவரிடமே கேட்டு உறுதிப்படுத்துங்கள்.

தொட்டிக்குக் கீழே பிரஷர் பம்பு இருந்தால், வால்வு மூடும் கட்டளையோடு பம்பின் மின்சாரமும் துண்டிக்கப்பட வேண்டும். மூடிய வால்வுக்குப் பின்னால் தண்ணீரின்றி ஓடும் பம்பில் சீல் கருகும்.

ஏழாம் படி: சோதனை

தொட்டியை நிரப்பி, ஒவ்வொரு இணைப்பிலும் காய்ந்த காகிதத்தைச் சுற்றிவைத்து ஒரு மணி நேரம் கழித்துப் பாருங்கள். கண்ணுக்குத் தெரியாத ஈரத்தையும் காகிதம் காட்டும். பிறகு சமையலறைக் குழாயைத் திறந்துவிட்டு, நனைத்த துணியை ஒரு சென்சாரின் கீழே வையுங்கள். வால்வு திரும்பும் ஒலி மாடியில் கேட்கும். குழாயில் நீர் மெலிந்து, இழையாகி, சொட்டாகி நிற்கும். முழுதாக நிற்க எவ்வளவு நேரம் ஆகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள்.

இதே சோதனையை இணையத்தைத் துண்டித்து ஒருமுறை, மெயின் சுவிட்சை அணைத்து ஒருமுறை, ஹோம் அசிஸ்டன்ட் கருவியையே அணைத்துவிட்டுக் கம்பிவழிச் சுவிட்சைக் கொண்டு ஒருமுறை செய்யுங்கள். கடைசியாக, வால்வு மூடியிருக்கும்போது மின்சாரத்தை நிறுத்தித் திரும்பக் கொடுங்கள். அது மூடியபடியே இருக்க வேண்டும். இவற்றில் ஒன்று தவறினாலும் வேலை முடிந்ததாகக் கொள்ளாதீர்கள்.

பராமரிப்பு

போர் தண்ணீர் ஓடும் வீட்டில், மாதக்கணக்கில் அசையாமல் நிற்கும் பால் வால்வின் உருண்டையைச் சுற்றி வெள்ளையாக உப்புப் படிந்து, தேவைப்படும் நாளில் திரும்ப மறுக்கும். அதனால் வாரம் ஒருமுறை வால்வைத் தானாக மூடித் திறக்கும் விதி ஒன்றைச் சேருங்கள். இந்த ஒரு வேளைக்கு மட்டும் தானியங்கித் திறப்பு அனுமதிக்கப்படுகிறது. அதுவும் எல்லாச் சென்சார்களும் உலர்ந்திருந்தால், ‘வெளியூர்’ பொத்தான் அழுத்தப்படாமல் இருந்தால் மட்டும். நள்ளிரவைவிட, ஆட்கள் விழித்திருக்கும் பிற்பகல் நேரம் இதற்கு ஏற்றது. மூடவும் திறக்கவும் ஆகும் நேரத்தைப் பதில் சமிக்ஞையிலிருந்து பதிவு செய்துவந்தால், ஏழு விநாடியில் மூடிய வால்வு பத்து விநாடி எடுக்கத் தொடங்கும்போதே கழற்றிச் சுத்தம் செய்யும் காலம் வந்துவிட்டது என்று தெரியும். யூனியன்கள் போட்டது அந்த நாளுக்காகத்தான்.

அடுக்குமாடியிலும் வாடகை வீட்டிலும்

அடுக்குமாடிக் குடியிருப்புகள் பலவற்றில் ஒரு வீட்டுக்கு ஒரே நுழைவுக் குழாய் இருப்பதில்லை. மொட்டை மாடியிலிருந்து ஷாஃப்ட் வழியே இறங்கும் தனித்தனிக் குழாய்களிலிருந்து ஒவ்வொரு குளியலறைக்கும், சமையலறைக்கும், சர்வீஸ் பகுதிக்கும் தனிக் கிளை வரும். வீடுதோறும் தண்ணீர் மீட்டர் வைக்க முயலும் சங்கங்கள் ஒரு வீட்டுக்கே மூன்று நான்கு மீட்டர் போட வேண்டியிருப்பதும் இதனால்தான். இங்கே எல்லாக் கிளைகளையும் அடைக்க முயல்வதைவிட, வாஷிங் மெஷினும் சுத்திகரிப்பானும் உள்ள கிளைக்கு மட்டும் அரை அல்லது முக்கால் அங்குல வால்வு ஒன்றைப் போடுவது அறிவுடைமை. அது வீட்டுக்குள்ளேயே அமைவதால் சங்கத்தின் அனுமதிக்காகக் காத்திருக்கவும் வேண்டியதில்லை. ஷாஃப்ட்டில் கைவைப்பதென்றால் அனுமதி கட்டாயம்.

வாடகை வீட்டில் குழாயை அறுக்க இயலாதபோது, இருக்கும் பால் வால்வின் கைப்பிடியைப் பிடித்துத் திருப்பும் மோட்டார் கருவிகள் உதவும். கால் சுற்றில் மூடும் நீண்ட கைப்பிடி வால்வுக்கு மட்டுமே அவை பொருந்தும். பல சுற்றுச் சுற்ற வேண்டிய கேட் வால்வுக்குப் பயன்படாது. வாங்குவதற்கு முன் அந்தக் கைப்பிடியை ஒரே விரலால் திருப்பிப் பாருங்கள். விரலுக்கு அசையாத வால்வைக் கருவியும் அசைக்காது. முதலில் வீட்டு உரிமையாளரிடம் சொல்லி வால்வை மாற்றிக்கொள்ள வேண்டியிருக்கும்.